எதிர்ப்புப் பொருள் இருந்தும் பசு ஏன் மெலிகிறது? ஜோன்ஸ் நோய் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: இரண்டாவது ஈற்று ஜெர்சி கலப்பினப் பசு. கன்று போட்ட சில வாரங்களில் இருந்து விட்டுவிட்டுக் கழிகிறது. தீனி நன்றாகவே எடுக்கிறது, காய்ச்சல் இல்லை, ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. இப்போது தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருக்கிறது. குடற்புழு மருந்து இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில், மாட்டின் குடலைத் தாக்கும் நாள்பட்ட தொற்றான ஜோன்ஸ் நோய்க்கான எதிர்ப்புப் பொருள் அதிகம் என்று வந்திருக்கிறது. போன வருடம் இதே பசுவுக்கு இதே பரிசோதனை செய்தபோது இல்லை என்று வந்ததாம். உடம்பில் இவ்வளவு எதிர்ப்புப் பொருள் இருக்கும்போது நோய் ஏன் போகவில்லை, போன வருடம் இல்லாதது ஒரே வருடத்தில் எங்கிருந்து வந்தது, மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போடலாமா, பாலைக் குடிக்கலாமா என்று கேட்கிறார்.

தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றே: எதிர்ப்புப் பொருள் இருந்தால் பாதுகாப்பு இருக்க வேண்டும்தானே? கோமாரியில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். தடுப்பூசி போடுகிறோம், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறுகிறது, மாடு தப்பிக்கிறது. ஜோன்ஸ் நோயில் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே எதிர்ப்புப் பொருள் ஏறுகிறது என்றால், பசுவின் உடல் கிருமியைக் கட்டிவைத்திருந்த காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று பொருள். அதைவிடச் சங்கடமான விஷயம், நீங்கள் பார்க்கிற கழிச்சலும் மெலிவும் பெரும்பகுதி கிருமி நேரடியாகச் செய்கிற சேதம் இல்லை. கிருமியை விரட்ட முடியாத உடல் விடாமல் காட்டுகிற எதிர்வினை.

நான் கால்நடை நோய்க்குறியியல் படித்து, நோய் கண்டறியும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். உங்கள் பசுவை நான் பார்க்கவில்லை. ஆகவே இதைச் சிகிச்சைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாடை வீக்கமும் கழிச்சலும் சேர்ந்து வந்தால், வாய்க்கால் ஓரமும் வயல் ஓரமும் மேய்கிற மாடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தட்டைப்புழுவைத்தான். நீங்கள் கொடுத்த மருந்து உருண்டைப்புழுவுக்கு மட்டும் கேட்பதா, தட்டைப்புழுவையும் கொல்லுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு நோயும் ஒரே மாட்டில் இருப்பதும் உண்டு.

இனி கிருமிக்கு வருகிறேன். மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகையின் பாராடியூபர்குளோசிஸ் என்ற துணையினம் அது. காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் நெருங்கிய சொந்தம். 1895-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜோனே, ஃப்ராதிங்ஹாம் என்ற இருவர் ஒரு பசுவின் தடித்துப்போன குடலில் இதைக் கண்டார்கள்; பறவைக் காசநோய் மாட்டுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். இது காசநோயே இல்லை, வேறு நோய் என்று 1906-ல் டென்மார்க்கின் பாங் காட்டினார். ஆய்வகத்தில் இதை வளர்ப்பதும் லேசில் முடியவில்லை. 1912-ல் இங்கிலாந்தில் ட்வார்ட், இங்க்ராம் இருவரும் வேறு மைக்கோபாக்டீரியங்களின் சாற்றை ஊட்டத்தில் கலந்த பிறகுதான் அது வளர்ந்தது. இரும்பைப் பிடித்துத் தரும் மைக்கோபாக்டின் என்ற பொருளைத் தானாகச் செய்துகொள்ள இதனால் முடியாது என்பது பின்னால் தெரிந்தது. அந்தப் பொருளைச் சேர்த்தாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர எட்டு முதல் பதினாறு வாரம் ஆகும். மெதுவாகப் பெருகும், அவசரப்படாது, பெரிய விஷம் எதையும் கக்காது. அதனால்தான் உடலும் வருடக்கணக்கில் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் அதோடு குடித்தனம் நடத்துகிறது.

உங்கள் பசு இந்தக் கிருமியைப் போன வருடம் வாங்கியிருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அது கன்றாக இருந்தபோதே, பிறந்த முதல் சில மாதங்களில் வாங்கியிருக்கும். தாயின் மடிக்காம்பில் ஒட்டியிருந்த சாணம், சீம்பால், பெரிய மாடுகளின் சாணி பட்ட தரை, தண்ணீர்த் தொட்டி, இவைதான் வழி. நோய் முற்றிய தாயாக இருந்தால் கருப்பையிலேயே வந்திருக்கவும் கூடும். முற்றிய நிலையில் உள்ள ஒரு பசுவின் ஒரு கிராம் சாணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் கிருமிகள் இருக்கலாம். நிழலான மண்ணில் அவை ஏறக்குறைய ஒரு வருடம் வரை உயிரோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

கன்று ஏன் இவ்வளவு எளிதில் மாட்டிக்கொள்கிறது? பசுவின் நச்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போகாது. சீம்பாலில் இருந்துதான் அது எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே பிறந்த முதல் நாளில் கன்றின் குடல் பெரிய புரதங்களையும் அப்படியே உள்ளே விடும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டு என்ற நிணநீர்த் திசு நீளமாக விரிந்திருக்கும். கன்று வளர வளர அது சுருங்கிவிடும். அந்தத் திட்டின் மேலே எம் செல் என்று ஒரு வகை. குடலுக்குள் என்ன இருக்கிறது என்று மாதிரி எடுத்து, அடியில் காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவது அதன் வேலை. ஜோன்ஸ் கிருமி இந்த வாசலைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. எம் செல்லே அதை எடுத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. கன்றுக்குத் திட்டு பெரிதாக இருப்பதால் வாசலும் அதிகம் என்பது வயது விஷயத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இது மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வளர்ந்த மாடுகளும் நிறையக் கிருமியை விழுங்கினால் தொற்றுகின்றன. கன்றாக இருக்கும்போது சிறிதளவே போதும், அதுதான் வித்தியாசம்.

உள்ளே வந்த கிருமியை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் பிடித்து விழுங்குகிறது. வழக்கமாக, விழுங்கிய கிருமி ஒரு பைக்குள் அடைபடும், பைக்குள் அமிலம் ஏறும், செரிமான நொதிகள் நிறைந்த இன்னொரு பை வந்து இதோடு சேரும், கிருமி கரைந்துபோகும். ஜோன்ஸ் கிருமி அந்தச் சேர்க்கையை நடக்கவிடாமல் தடுக்கிறது. கூடவே, விழுங்கு செல்லின் மேல் இருக்கும் ஏற்பிகள் வழியாக இண்டர்லியூக்கின்-10 என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. நோயெதிர்ப்பு அளவுக்கு மீறிப் போகாமல் அடக்கிவைக்க உடல் வைத்திருக்கிற பொருள் அது. கிருமிக்கு அது வசதியாகிவிடுகிறது. தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே தங்கிப் பெருகத் தொடங்குகிறது. இவ்வளவு தூரம் சோதனைகளில் நன்றாகக் காட்டப்பட்ட விஷயம்.

உடல் சும்மா இருந்துவிடுவதில்லை. நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான டி செல்கள் வருகின்றன. மாட்டினத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: காமா-டெல்டா டி செல் என்ற வகை மனிதரின் ரத்தத்தில் சில சதவீதம்தான். கன்றின் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் மூன்றில் ஒரு பங்கு, சில கன்றுகளில் அதற்கும் மேலே இருக்கும். தொற்றிய இடத்துக்கு முதலில் வந்து சேருபவற்றில் அவையும் உண்டு. அடுத்து சி.டி.4 டி செல்கள் வந்து இண்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. விழுங்கு செல்லுக்கு உசுப்பேற்றுகிற பொருள் இதுதான்; இது கிடைத்தால் அந்தச் செல் தனக்குள் இருக்கும் கிருமியில் ஒரு பகுதியையாவது கொல்ல முடிகிறது. மீதியைச் சுற்றிச் செல்கள் கூடி ஒரு சிறு முடிச்சாகக் கட்டிவிடுகின்றன. அதைக் கிரானுலோமா என்போம். இந்த நிலையில் சாணத்தில் கிருமி மிகக் குறைவு, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இல்லை, பசு பார்க்க ஜோராக இருக்கும், பால் கறக்கும், சினை பிடிக்கும். இரண்டு முதல் ஐந்து வருடம் வரை இப்படியே போகலாம். சில மாடுகள் ஆயுசு முழுக்க இப்படியே இருந்து வேறு காரணத்தால் சாகின்றன.

பிறகு சில பசுக்களில் இந்தக் கட்டு அவிழ்கிறது. இண்டர்ஃபெரான் காமா சார்ந்த எதிர்ப்பு தளர்கிறது, விழுங்கு செல்களுக்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது, செல்கள் வெடித்துக் கிருமி வெளியே சிந்துகிறது. அப்போதுதான் பி செல்களுக்கு அது தாராளமாகக் கண்ணில் படுகிறது, அவை எதிர்ப்புப் பொருளைக் கொட்டத் தொடங்குகின்றன. எதிர்ப்புப் பொருள் என்பது ரத்தத்திலும் திசு நீரிலும் மிதக்கிற புரதம். செல்லுக்குள் உட்கார்ந்திருக்கிற கிருமியை அதனால் தொட முடியாது. கோமாரி வைரஸ் செல்லுக்குச் செல் தாவும்போது நடுவழியில் மாட்டிக்கொள்ளும். இந்தக் கிருமி வெளியே சிந்தினாலும் அடுத்த விழுங்கு செல் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். எதிர்ப்புப் பொருள் பூசிய கிருமியை விழுங்கு செல் இன்னும் ஆசையாகவே விழுங்கும். உங்கள் பசுவின் ரத்த அறிக்கையில் வந்த அதிகம் என்ற சொல்லுக்கு இதுதான் பின்னணி.

கட்டு அவிழ்கிற நேரம் பெரும்பாலும் முதல் மூன்று ஈற்றுகளுக்குள், அதுவும் கன்று போட்ட பிறகான வாரங்களில். பிரசவத்தை ஒட்டி எந்தப் பசுவுக்கும் நோயெதிர்ப்பு கொஞ்சம் தாழும், ஹார்மோன்கள் மாறும், உண்பதைவிடப் பாலில் வெளியேறும் சத்து அதிகமாக இருக்கும். உங்கள் பசுவின் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஜெர்சி, குர்ன்சி இனங்களில் இந்த நோய் அதிகம் பதிவாகியிருப்பதும் உண்மை. ஆனால் பரம்பரையின் பங்கு சிறிதுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தொழுவத்தின் தரையை மறந்துவிட வேண்டாம்.

கழிச்சல் எப்படி வருகிறது என்பதை, பிரேதப் பரிசோதனை மேசையில் ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் திறந்தால் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. மூளையின் மேற்பரப்பு போல மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும், இழுத்தாலும் விரியாது. பக்கத்து நிணநீர்க் கழலைகள் வீங்கி ஈரமாக இருக்கும். அந்த மடிப்பை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் காண்பது அழுகலோ ரணமோ அல்ல, விழுங்கு செல்களின் பெருங்கூட்டம். குடலுறிஞ்சிகள் மழுங்கிப் பருத்து, அவற்றுக்குள் இந்தச் செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சத்தை உறிஞ்ச வேண்டிய பரப்பு போய்விட்டது. போதாததற்கு, அழற்சியால் கசியும் குடல்சுவர் வழியாக ரத்தத்தின் ஆல்புமின் புரதம் சாணத்தோடு வெளியேறுகிறது. பசு வயிறார உண்கிறது, உடம்பில் சேரவில்லை. ஆல்புமின் குறைந்தால் ரத்தத்தின் நீர் திசுக்களில் தங்கும். தலை தாழ்த்தி மேய்கிற விலங்குக்கு அது தாடைக்குக் கீழே இறங்கும். காய்ச்சலும் ரத்தமும் இல்லாத கழிச்சல், குறையாத பசி, தாடை வீக்கம் ஆகிய மூன்றுக்கும் விளக்கம் இந்த ஒரே குடல் துண்டில் இருக்கிறது. கூட்டத்தைச் சேர்த்தது உடல். கலைக்க முடியாமல் போனதும் உடல்தான். ஆகவே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டானிக் என்று கடையில் கொடுப்பதை வாங்கி ஊற்றுவதில் பலன் ஏதுமில்லை. எதைக் கூட்டுவது என்ற கேள்விக்கே அங்கே பதில் கிடையாது.

இதுவரை சொன்னதில் ஒரு இடம் மட்டும் நான் படித்த காலத்தைப் போல அவ்வளவு திடமாக இப்போது இல்லை. டி செல்களும் விழுங்கு செல்களும் நடத்தும் செல்வழி எதிர்ப்பு முதலில், எதிர்ப்புப் பொருள் பிறகு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நேர்கோடாகப் பாடம் நடத்துவார்கள். இந்த இரண்டு வகை எதிர்ப்பையும் தூண்டும் டி செல் வகைகளின் பெயரை வைத்து, டி.ஹெச்.1-லிருந்து டி.ஹெச்.2-க்கு மாறுவது என்று பாடப்புத்தகத்தில் வரும். தொழுநோயில் ஒரு முனையில் கிருமி குறைவாகவும் செல்வழி எதிர்ப்பு வலுவாகவும் இருக்கும். மறுமுனையில் கிருமி ஏராளமாகவும் எதிர்ப்புப் பொருள் நிறையவும் இருக்கும். அந்த வரைபடத்தைத்தான் மாட்டுக்கும் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளுக்குத் தொற்றை ஏற்படுத்தித் தொடர்ந்து கவனித்தபோது இந்த நேர்கோடு எல்லா ஆட்டிலும் வரவில்லை. சிலவற்றில் இரண்டும் ஒன்றாகவே ஏறின, சிலவற்றில் எதிர்ப்புப் பொருள் முதலில் வந்தது, சில ஆடுகள் தொற்றைத் துடைத்துவிட்டதாகவே தோன்றியது. மாறுதல் நடப்பதாக வைத்துக்கொண்டாலும் அது ஏன் நடக்கிறது என்பதில் கருத்துகள் பல. இண்டர்லியூக்கின்-10-ஐச் சுரக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கிறார்கள் சிலர். வருடக்கணக்கில் ஒரே கிருமியோடு மல்லுக்கட்டிய டி செல்கள் களைத்துச் செயலிழக்கின்றன என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் சான்று உண்டு. காரணம் முந்தியதா விளைவு முந்தியதா என்று பிரிப்பதுதான் கடினம்: எதிர்ப்பு தளர்ந்ததால் கிருமி பெருகியதா, கிருமி பெருகியதால் எதிர்ப்பு தளர்ந்ததா? என்னுடைய சாய்வு இரண்டாவது பக்கம். அதை ஒரு சாய்வாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருட அறிக்கைக்கு வருவோம். ஆய்வகம் தவறு செய்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவர்கள் செய்தது எலிசா. அது எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடும். கட்டு அவிழாத பசுவில் எதிர்ப்புப் பொருளே இல்லாதபோது எலிசா இல்லை என்றுதான் சொல்லும், அது நேர்மையான பதில். தொற்று இருந்தும் வெளியே தெரியாத மாடுகளில் பெரும்பாலானவற்றை எலிசா தவறவிடும். நோய் முற்றிய மாடுகளில் அதன் கண் கூர்மையாகும். ஆனால் இருக்கிறது என்று எலிசா சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். மண்ணிலும் புல்லிலும் இருக்கும் பிற மைக்கோபாக்டீரியங்களால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, சீரத்தை முதலில் மைக்கோபாக்டீரியம் ஃபிளை என்ற கிருமியோடு கலந்து, பொதுவான எதிர்ப்புப் பொருளை நீக்கிவிட்டே பார்க்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: காசநோய்க்கான தோல் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் ரத்தம் எடுத்தால் பொய்யாக இருக்கிறது என்று வரலாம். எப்போது போட்டார்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டு அவிழ்வதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டுமானால் செல்வழி எதிர்ப்பைத்தான் தேட வேண்டும். மாட்டின் ரத்தத்தில் ஜோனின் என்ற கிருமிச் சாற்றைக் கலந்து ஓர் இரவு அடைகாத்து, எவ்வளவு இண்டர்ஃபெரான் காமா சுரக்கிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. மாட்டுக் காசநோய்க்காக ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய முறை அது. ரத்தத்தை எடுத்த அன்றே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், மற்ற மைக்கோபாக்டீரியங்களோடு பழகிய கன்றுகளிலும் எண் ஏறும். இன்னொன்று, முற்றிய பசுவில் இந்தப் பரிசோதனையும் தோல் ஊசியும் ஒன்றுமே காட்டாமல் போகலாம், ஏனென்றால் அந்த எதிர்ப்பே அங்கே செத்துவிட்டது. கேள்வி கேட்டவருக்கு நடைமுறையில் பயன்படுவது சாணத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். ஐ.எஸ்.900 என்ற துண்டு இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் பல படிகளாக இருப்பதால் அதைக் குறிவைப்பது வழக்கம். அது கையில் இல்லாத இடத்தில், மலக்குடல் சுரண்டலை, இந்த வகைக் கிருமிகளைச் சிவப்பாகக் காட்டும் ஜீல்-நீல்சன் சாயத்தில் பார்ப்பதும் முற்றிய பசுவில் உதவும். சிவப்புக் கோல்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.

தடுப்பூசி பற்றி. 1926-லேயே பிரான்சில் வாலே, ரிஞ்சார் இருவரும் உயிருள்ள கிருமியை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இன்றைக்குக் கிடைப்பவை கொன்ற கிருமியால் ஆனவை. ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்குப் போடும் குடேர் தடுப்பூசி, சோதனை நடந்த மந்தைகளில் இந்த நோயால் வரும் சாவை ஏறக்குறைய 90 சதவீதம் குறைத்தது, சாணத்தில் கிருமி வருவதையும் தள்ளிப்போட்டது. ஆனால் தடுப்பூசி போட்ட சில ஆடுகளும் ஏராளமாகக் கிருமியை வெளியேற்றின. தடுப்பூசி கிருமி நுழைவதைத் தடுப்பதில்லை. கட்டு அவிழ்வதைத் தாமதப்படுத்துகிறது. நம் நாட்டில் மதுரா பக்கம் மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாடு ஆராய்ச்சி நிறுவனம், இந்தியன் பைசன் வகை என்று பெயரிடப்பட்ட உள்ளூர்க் கிருமியைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது; ஆடுகளில்தான் அது அதிகம் சோதிக்கப்பட்டது. மாட்டில் போடும்போது ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்: பிறகு அந்த மாட்டுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தால் முடிவு குழம்பும், எலிசாவும் இருக்கிறது என்றே காட்டும். ஊசி போட்ட இடத்தில் கட்டி வரும், போடுபவர் கையில் தவறிக் குத்திக்கொண்டால் வாரக்கணக்கில் அவஸ்தை. உங்களைப் போல நாலைந்து மாடு வைத்திருப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதை அல்ல. ஏற்கெனவே கழிகிற பசுவுக்கு இதனால் குணம் கிடைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மருந்தும் அப்படியே. காசநோய், தொழுநோய் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தால் கழிச்சல் நிற்கலாம். கிருமி போகாது, நிறுத்தினால் திரும்பும், அந்தப் பாலையும் பயன்படுத்த முடியாது.

பால் விஷயம். மனிதருக்கு வரும் நாள்பட்ட குடல் அழற்சியான குரோன் நோயின் குடலும் ஜோன்ஸ் நோய் வந்த பசுவின் குடலும் ஒன்றுபோல இருப்பதை 1913-லேயே ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் டல்சீல் எழுதினார். குரோன் நோயாளிகளில் இந்தக் கிருமியின் தடயம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்தது. அதுதான் நோயைத் தந்ததா, புண்ணான குடலில் வந்து ஒட்டியதா என்பது முடிவாகவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்தக் கிருமிக்கு எதிரான மருந்துக் கூட்டை இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த சோதனை 2007-ல் வெளியானது. நிலைத்த பலன் தெரியவில்லை. 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கும் பாஸ்சுரைசேஷனுக்குப் பிறகும் மிகச் சில தப்பிக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டின. நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சுகிறோம், அது நல்ல பழக்கம். கழிகிற பசுவின் பாலை நான் என் வீட்டுக்கு வாங்க மாட்டேன். பயத்தால் இல்லை, அந்த நிலையில் உள்ள பசுவின் பாலிலும் மடியிலும் கிருமி இருப்பது தெரிந்ததால்.

இப்போது உங்கள் தொழுவம். விட்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பழைய கணக்கு ஒன்று உண்டு: பண்ணையிலேயே பிறந்த ஒரு பசு முற்றிய நிலையில் கிடந்தால், அதே பண்ணையில் 15 முதல் 25 மாடுகள் வரை தொற்றோடு இருக்கலாம். பெரிய பண்ணைகளுக்கான கணக்கு அது, உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் பசு உங்களிடம் பிறந்ததா, சந்தையில் வாங்கியதா என்பதை நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். உங்களிடமே பிறந்தது என்றால் அதன் தாயும், அதோடு அதே தரையில் வளர்ந்த மற்றக் கன்றுகளும் சந்தேகப் பட்டியலில் வருகின்றன. வாங்கி வந்தது என்றால், அது வந்த பிறகு உங்களிடம் பிறந்த கன்றுகள்தான் முதல் கவலை. அதன் சொந்தக் கன்றைக் கறவைக்கு என்று வளர்க்காதீர்கள்.

கழிகிற பசுவை மற்ற மாடுகளிடம் இருந்து, குறிப்பாகக் கன்றுகளிடம் இருந்து, இன்றே தள்ளிக் கட்டுங்கள். அதன் சாணத்தை வாரித் தனிக்குழியில் போட்டு மூடி, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறி நன்றாக மக்கிய பிறகே வெளியே எடுங்கள். நம் பக்கம் தொழுவம் கழுவிய தண்ணீரை அப்படியே கோ-4 என்ற தீவனப் புல்லுக்குத் திருப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. புல் செழிக்கும், ஆனால் அதே புல்லை அடுத்த மாதம் கன்றுக்கு நறுக்கிப் போடுகிறோம். அந்த வாய்க்காலை வாழைக்கோ தென்னைக்கோ மாற்றிவிடுங்கள். இனி பிறக்கிற கன்று உலர்ந்த சுத்தமான இடத்தில் பிறக்க வேண்டும். காம்பைக் கழுவிய பிறகே சீம்பால் கறக்க வேண்டும். அந்தச் சீம்பால் பரிசோதனையில் இல்லை என்று வந்த பசுவுடையதாக இருக்க வேண்டும். பல பசுக்களின் சீம்பாலைக் கலக்கவே வேண்டாம். முதல் ஆறு மாதம் கன்றுக்குத் தனித் தொட்டி, தனி இடம். பெரிய மாடுகளின் மீதித் தீவனத்தைக் கன்றுக்குத் தள்ளுவதை நிறுத்துங்கள்.

பசுவை என்ன செய்வது என்பதை நான் சொல்ல முடியாது. அதில் சட்டம், பணம், மனசு மூன்றும் இருக்கிறது. சந்தையில் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம்; வாங்குகிறவர் வீட்டுக் கன்றுகளுக்கு அது போகும். மற்ற மாடுகளில் இரண்டு வயதைத் தாண்டியவற்றுக்கு எலிசாவும் சாண பி.சி.ஆரும் சேர்த்துச் செய்யுங்கள், வருடம் ஒரு முறை. ஒரே ஒரு தடவை இல்லை என்று வந்ததை வைத்து எந்த மாட்டையும் விடுவித்துவிடாதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவற்றுக்கு எலிசாவில் பணம் செலவழிக்க வேண்டாம், அந்த வயதில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. பசுவின் தாய் இன்னும் உங்களிடம் இருந்தால் முதல் மாதிரி அதனுடையதாக இருக்கட்டும்.